நாற்பத்திரண்டு பேருக்குப் பாடம் படித்த சந்திரலேகா

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பக்கிரி டீக்கடையில் போன மாதம் ஒரு செய்தி அடிபட்டது. சிதம்பரத்தில் ஒரு பொம்பளை, கூட வேலை பார்க்கிற நாற்பத்திரண்டு பேரின் பாஸ்வேர்டைத் திருடிவிட்டாளாம். பக்கிரிக்குச் சொன்னது அந்த நிறுவனத்தின் டிரைவர். டிரைவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "மாமா, டீ ஆறுது, குடிங்க" என்றார் பக்கிரி.

மறுநாள் போனபோது அந்தப் பொம்பளை நாற்பத்திரண்டு பேரின் வங்கிக் கணக்கையும் துடைத்திருந்தாள். அதற்கும் மறுநாள் துபாய் போய்ச் சேர்ந்திருந்தாள். இவ்வளவு வேகமாக ஒருத்தி முன்னேறினால் நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது என்று சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

துபாய்க்குப் போனவர் கீழ வீதிக்குப் பக்கத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுன்டரில் உட்கார்ந்து, "டோக்கன் பதினேழு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சந்திரலேகா. வயது முப்பத்தாறு. கவனித்தேன், அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. என்ன பரிசோதனை என்றும் உரக்கச் சொல்லவில்லை. அருகில் வரவழைத்து, ரசீதில் விரலை வைத்துக் காட்டினார். நம் ஊர்க் கவுன்டர்களில் இது வழக்கமில்லை. "சுகர் டெஸ்ட்டு யாருப்பா, காத்தவராயன், எங்க ஆளக் காணும்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவதுதான் வழக்கம்.

வந்த காரியத்தைச் சொன்னேன். இங்கே பேச முடியாது, ஞாயிற்றுக்கிழமை அண்ணாமலை நகருக்கு வாருங்கள் என்றார். அவர் கணவர் அருண்குமார் அங்கே ஒரு மாணவர் லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறார். போனேன். பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் மாத்தணும்? ஊரு ஏற்கெனவே எம்பேரத்தான் சொல்லுது. நீங்களும் சொல்லுங்க. பேஷண்டு பேரு மட்டும் ஒண்ணுகூட வரக்கூடாது."

கம்மாபுரத்துக்காரர். அப்பா கலியமூர்த்திக்கு நிலம் உண்டு, கல்லூரி வாசல் கிடையாது. மகளை விருத்தாசலத்துக்கு அனுப்பி பி.எஸ்சி. கணினி படிக்க வைத்தார். கல்யாணமாகி சிதம்பரம் வந்து ஐந்து வருடம் குழந்தை இல்லை. ஒரு பரிசோதனை நிலையத்தில் (இப்போது வேலை பார்க்கும் இடமல்ல, வேறு) ரத்தம் கொடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு சந்திரலேகா வீட்டுக்குத் திரும்புகிறார். தெருமுனையில் ஒரு பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டு, கவலைப்படாதே, எங்கள் ஓர்ப்படிக்கும் இதேதான், மருந்து சாப்பிட்டுச் சரியாகிவிட்டது என்று ஆறுதல் சொன்னாராம். ரிப்போர்ட் உறை சந்திரலேகாவின் கையில் இருந்தது. அதை அவர் இன்னும் பிரிக்கவே இல்லை.

அப்புறம் மகள் பிறந்துவிட்டாள், இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் அந்த மாலையை அவர் மன்னிக்கவில்லை. இப்போதைய நிறுவனத்தில் எட்டு வருடங்களுக்கு முன் விவரம் பதிகிற வேலைக்குச் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்கிறார். பதினோரு மாத ஒப்பந்தம், ஒருநாள் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். எட்டு வருடங்களாக இப்படித்தான். அந்த ஒரு நாளில் அவர் வேலையில்லாதவர்.

நிறுவனத்தின் தலைமை கடலூரில். கிளைகள் ஆறு. முதலாளி திருநாவுக்கரசு. நிர்வாகத்தையெல்லாம் பார்ப்பவர் மேலாளர் ஜெயப்பிரகாஷ். போன வருடம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இவர்களுக்கு வேலை தருவதாகச் சொல்லி ஒரு நிபந்தனை போட்டது. நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்க ஊழியர் எல்லாரும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் காட்ட வேண்டும். பயிற்சி ஆன்லைனில். டேட்டா கவர்னன்ஸ் என்று பெயர், அதாவது தரவு ஆளுகை. யாருடைய விவரம், யார் கையில், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு நிறுவனம் கணக்கு வைத்துக்கொள்வது. சந்திரலேகா எனக்கு இன்னும் சுருக்கமாகச் சொன்னார்.

"என் ரிப்போர்ட்ட என்னக் கேக்காம எவனும் படிக்கக் கூடாது. அவ்ளோதான் சார். அதுக்குப் பன்னண்டு பாடம் வெச்சிருக்கான்."

மேலாளரோடு சேர்த்து நாற்பத்திரண்டு பேர், நாற்பத்து மூன்றாவது சந்திரலேகா. எல்லாருக்கும் முதலாளி பயிற்சிக்கு இடம் வாங்கிவிட்டார். ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்துக்கு வந்து சந்திரலேகாவைக் கூப்பிட்டார். அன்று அவர் சொன்னதை சந்திரலேகா எழுத்துப் பிசகாமல் சொல்கிறார்.

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு. எல்லாத்துக்கும் நீயே முடிச்சுரும்மா. டேட்டா ஆபீசர்னு ஒரு போஸ்ட் போடச் சொல்றாங்க. அது உனக்குத்தான். பர்மனென்ட்."

பதினோரு மாதத்துக்கு ஒருதரம் வேலையில்லாமல் போகிறவருக்கு அந்தக் கடைசிச் சொல் எப்படிக் கேட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவரவர் பாடத்தை அவரவர் பார்த்தால் நல்லது சார் என்று ஒரே ஒருதரம் சொல்லிப் பார்த்தாராம். மேலாளர் சிரித்தாராம்.

பாஸ்வேர்டுகள் வந்தன. சில மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வந்தன. ரத்தக் குப்பிகள் வரும் ஐஸ் பெட்டியில், குப்பிகளுக்கு நடுவில் மடித்து வைத்து விருத்தாசலத்திலிருந்து சில. ஒருவர் நாற்பத்து மூன்று பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் தன் பாஸ்வேர்டைப் போட்டு, "யாருக்கும் சொல்லாதீங்க அக்கா" என்றும் எழுதினார். கடலூர் ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சிலம்பரசன் அதுகூட அனுப்பவில்லை. "அக்கா, நீயே ஒண்ணு போட்டு நீயே வெச்சுக்க. எனக்கு எதுக்கு அது?" என்றார். பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது, மீதிப் பேருக்கு இருந்தது மறந்துவிட்டது. எல்லாருக்கும் புதிதாக அவரே தொடங்கினார்.

ஒரு பாடம் நாற்பது நிமிடம். வேகமாக ஓட்டிவிட முடியாது, வீடியோ முழுதாக ஓடினால்தான் கேள்வித்தாள் திறக்கும். லாட்ஜ் மாணவர்களிடம் இரவல் வாங்கிய நாலு செல், மூன்று லேப்டாப், எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஏழு பேருக்கு ஒரே நேரத்தில், வீடியோவில் பாடம் நடத்தும் கோட்டுப் போட்ட மனிதரைப் பேசவிட்டார். ஐந்து வாரம். மகள் சாப்பிட உட்கார்ந்தால் "டேட்டா இஸ் அன் அசெட்" என்று சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தாளாம்.

உள்ளே நுழைய ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. வேண்டும். அது அவரவர் செல்லுக்குத்தான் போகும். மூன்றாம் பாடத்தின் தலைப்பு, ஓ.டி.பி.யை எவரிடமும் பகிராதீர். அதைத் திறக்க சந்திரலேகா மேலாளருக்குப் போன் போட்டார். அவர் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய ஆறு எண்ணையும் அவர் கத்திச் சொன்னதைப் பந்தியே கேட்டிருக்கும். அந்தப் பாடத்தில் ஜெயப்பிரகாஷ் நூற்றுக்கு நூறு.

பன்னிரண்டாம் பாடத்தின் முடிவில் ஒரு கட்டுரை. உங்கள் நிறுவனத்தில் நீங்கள் கண்ட ஒரு குறை, அதை எப்படிச் சரிசெய்வீர்கள்? இங்கேதான் சந்திரலேகா ஒரு தப்புச் செய்தார். களைத்துப்போய், நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே பதிலை ஒட்டினார். "மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கணினியை அணைக்காமல் போய்விடுகிறேன். இனி அணைத்துவிட்டுப் போவேன்." யாருக்கும் நோகாத குறை.

தன் பதிலை மட்டும் தானே உட்கார்ந்து எழுதினார். பழைய ரிப்போர்ட் நகல்களைக் கடலூர் அலுவலகம் கிழிக்காமல் எடைக்குப் போடுகிறது. அவை டீக்கடைக்குப் போகின்றன. காகிதத்தைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. இதுதான் அவர் எழுதியது.

உண்மையா என்று அவரிடமே கேட்டேன். உங்கள் டீக்கடையிலேயே பாருங்கள் என்றார்.

பார்த்தேன். பக்கிரி இரண்டு மசால் வடையைச் சுற்றிக் கொடுத்த தாளில் மங்கலம்பேட்டைப் பெண் ஒருவரின் பெயர், வயது, தைராய்டு அளவு, செல் நம்பர். மேலே அந்த நிறுவனத்தின் முத்திரை. எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பேப்பர் கடையில், கிலோ கணக்கில். "நல்ல கெட்டிப் பேப்பரு மாமா. எண்ண ஊறாது." எத்தனை வருடங்களாக இந்தத் தாளில் நான் வடை தின்றுகொண்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அவரிடம் ஒரு கட்டு இருந்தது.

பயிற்சி நடத்தியவர்கள் கட்டுரைகளைப் படித்தார்கள். நம் நாட்டில் யாரும் எதிர்பார்க்காத விபத்து அது. சந்திரலேகாவின் கட்டுரை மிகச் சிறந்தது என்று பாராட்டி முதலாளிக்கே அனுப்பினார்கள். கூடவே ஒரு குறிப்பு. மற்ற நாற்பத்திரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே சொற்களில், கணினியை அணைக்க மறந்திருக்கிறார்கள். எனவே அவர்களின் சான்றிதழ்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஒவ்வொருவரும் பத்து நாளில் அந்தக் கட்டுரையைத் தாமே எழுத வேண்டும்.

முதலாளி கத்தினார். ஜெயப்பிரகாஷ் என்ன செய்திருக்க வேண்டும்? நான்தான் சொன்னேன் சார் என்று ஒரு வாக்கியம் போதும். அவர் சந்திரலேகாவுக்கு ஒரு மெமோ எழுதினார். முதல் வரி: "நிறுவனத்தின் நாற்பத்திரண்டு ஊழியர்களின் கடவுச்சொற்களை அவர்களுக்குத் தெரியாமல் திருடி..." கீழே அவர் கையெழுத்து, அதன்கீழ் ரப்பர் ஸ்டாம்ப். பந்தியில் ஓ.டி.பி. கத்திய வாய், ஐஸ் பெட்டியில் சீட்டு அனுப்பிய கைகள், எல்லாருக்கும் அன்றே தெரியாமல் போய்விட்டது. ஊர் ரகசியத்தை எடைக்குப் போட்டவன் நிர்வாகி. அதைச் சொன்னவள் திருடி. டிரைவர் மூலம் பக்கிரி கடைக்கு வந்து சேர்ந்தது இந்த மெமோதான்.

வேலை போனால் போகட்டும் என்று அருண்குமார் சொன்னாராம். சந்திரலேகா ஒப்பவில்லை. திருடி என்ற பேரோடு சிதம்பரத்தில் வேறு எந்தக் கவுன்டரிலும் யார் உட்கார வைப்பார்கள்?

அவர் கடைக்குப் போய் நாற்பத்திரண்டு உறை வாங்கினார். ஒவ்வொன்றிலும் அவரவர் பாஸ்வேர்டு, மின்னஞ்சல் பாஸ்வேர்டு. ஒட்டினார். ஒரு நோட்டில் கட்டம் போட்டார். பெயர், "நான் கொடுத்து வைத்திருந்த பாஸ்வேர்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி, கையெழுத்து. ஏழாம் பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒருவருடைய விவரத்தை அவரிடம் திருப்பித் தரும்போது ஒப்புகை வாங்க வேண்டும்.

கட்டுரையைத் தாமே எழுத வேண்டுமானால் உள்ளே நுழைய வேண்டும். நுழையப் பாஸ்வேர்டு வேண்டும். அனுப்பியவர்களும் அதை அன்றே மறந்துவிட்டார்கள். மறந்துபோனால் மாற்றுவதற்கான கடிதமும் அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும். முதலில் வந்தவர் சிலம்பரசன். கட்டத்தில் இருந்ததைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாராம். "கொடுத்து வெச்சதுதானக்கா. இல்லன்னு சொன்னா சோறு எறங்காது" என்று கையெழுத்துப் போட்டார். அப்புறம் ஆறு கிளையிலிருந்தும் வந்தார்கள். நாற்பத்தோரு கையெழுத்து.

ஒன்பதாம் நாள் கடலூரில் விசாரணை. உள்ளே முதலாளி, மேலாளர், சந்திரலேகா, ஊழியர் தரப்பில் சிலம்பரசன். நடந்ததை சிலம்பரசனிடமும் சந்திரலேகாவிடமும் தனித்தனியே கேட்டேன், இரண்டும் ஒத்துப்போகின்றன. முதலாளி நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு கையெழுத்தாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

"திருடுனதுன்னா, கொடுத்து வெச்சிருந்தோம்னு நாப்பத்தோரு பேரு எதுக்குய்யா கையெழுத்துப் போடறான்?" என்று ஜெயப்பிரகாஷைக் கேட்டார்.

மேலாளர், அவர்களை இந்தப் பெண் மிரட்டியிருக்கிறது சார் என்றார். சிலம்பரசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்கள யாரும் மெரட்டல சார்" என்றார்.

சந்திரலேகா கடைசி உறையை மேஜைமேல் வைத்தார். "இது உங்களுது சார். சைன் பண்ணி எடுத்துக்கிங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"நான் இவகிட்ட எதுவும் குடுக்கல."

"அப்போ உள்ள இருக்கறது யாருது சார்?"

முதலாளி ஜெயப்பிரகாஷிடம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போ, ஆஸ்பத்திரிக்காரன் மேலாளர் சான்றிதழைத்தான் முதலில் கேட்கிறான் என்றார். போட்டால் மெமோ பொய். போடாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஜெயப்பிரகாஷ் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், முக்கியமான போன் என்று வெளியே போனார். அன்று திரும்பி வரவில்லை.

திருநாவுக்கரசு ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். நாற்பத்தோரு கையெழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம், போம்மா" என்றார். இந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பொய் சொன்னவருக்காவது ஒரு பயம் இருந்தது. உண்மை தெரிந்தவர் சோம்பல் பட்டார்.

சந்திரலேகா அதே கவுன்டரில் இருக்கிறார். மெமோ திரும்பப் பெறப்படவில்லை. டேட்டா ஆபீசர் பதவி காலியாக இருக்கிறது. நாற்பத்தோரு பேருக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. சந்திரலேகாவுக்கு முதலிலேயே வந்தது. மேலாளருடையது மட்டும் நிறுத்தி வைத்தபடியே இருக்கிறது. கடலூர் அலுவலகம் துண்டாக்கும் இயந்திரம் வாங்கவில்லை. பக்கிரியிடம் நான் கெஞ்சியதில் இப்போது வடைக்கு வாழையிலை. பஜ்ஜிக்கு இன்னும் இல்லை.

ஜெயப்பிரகாஷ் வாரம் ஒருதரம் சிதம்பரம் கிளைக்கு வருகிறார். கவுன்டரைப் பார்க்காமல் உள்ளே போகிறார், பார்க்காமல் வெளியே வருகிறார். உறையைச் சும்மா கொடுத்தனுப்பச் சொல்லி இரண்டு பேரைத் தூதுவிட்டார். சந்திரலேகா கொடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை நான் போனபோது மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நோட்டில் நாற்பத்திரண்டாம் வரியில் மேலாளரின் பெயர், எதிரே வெற்றுக் கட்டம்.

"ஒரு கையெழுத்துதான் பாக்கி சார். வரட்டும், வெச்சிருக்கேன்" என்றார். பிறகு என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, டோக்கன் இருபத்தி நாலைக் கூப்பிட்டார்.