அச்சங்குளம் வேலியில் ஒரு பஞ்சுருட்டான்

அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு கம்பெனியின் கம்பி வேலிக்கு எதிரே நிற்கிறேன். கேமரா வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. வேலியில் பஞ்சுருட்டான் ஒன்று தட்டானைக் கவ்வியபடி உட்கார்ந்திருக்கிறது. எடுத்த படங்களிலெல்லாம் முன்னால் நீளும் கருவேல முள்தான் தெளிவாக விழுகிறது. பறவை கலங்கலாகவே இருக்கிறது.

வேலை முடிந்து வேனுக்காக நிற்கும் ஓர் அக்கா கேட்கிறார். “அங்கன என்னத்தப் படம் புடிக்கீக?”

“நீங்களே பாருங்கக்கா.”

“கையெல்லாம் மருந்து. தொட மாட்டேன்.”

முள் மறைக்காதபடி சற்று நகர்ந்து, பட்டனைப் பாதி அழுத்தி, கேமராவை நானே அவர் கண்ணருகே பிடிக்கிறேன். அவர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்.

“யாத்தே, கண்ணு எம்புட்டுச் செவப்பு! தெனமும் இங்கனதான் நிக்கேன், பாத்ததே இல்லையே.”

வேன் வந்து நிற்கிறது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் பின்னால் ஆட்டுகிறார்.

“ஏலே மாரி, அடிக்காதலே! பறந்துரும்.”