இடது காது

எதிரி விமானத்தின் வாலைப் பிடித்துத் துரத்தியவருக்கு ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்தக் கை வரவில்லை. பின்னால் நின்ற மனைவி, "நான் அழுத்தட்டுமா, இல்ல கன்ட்ரோல் ரூம்ல அனுமதி கேக்கணுமா?" என்றாள். அவரே அழுத்தினார்.

முப்பத்தைந்து ஆண்டு விமானப்படை. போர் விமானியாகச் சேர்ந்து ஒரு தளத்துக்கே தளபதியானவர். நடுவானில் இன்ஜின் நின்றபோதும் குதிக்காமல் விமானத்தைத் தரைசேர்த்தவர். அதற்குக் கிடைத்த பதக்கம் துணி அலமாரியில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு அவர் நினைவில் திரும்பத் திரும்ப வந்ததென்னவோ ஒரு காலைக் கூட்டம்தான்.

அப்போது அவர் ஒரு படைப்பிரிவின் தலைவர். அன்றைய பயிற்சியை அவர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஓர் இளம் விமானி எழுந்தான். "சார், சளி பிடிச்சிருக்கு. டாக்டரப் பாத்துட்டு வரட்டுமா?"

சளியோடு பறக்கக் கூடாது என்பது விமானியின் அரிச்சுவடி. சரேலென்று கீழிறங்கும்போது அடைத்த காது அழுத்தம் தாங்காது. அவருக்கா தெரியாது? ஆனால் அன்று மேலிடத்திலிருந்து பார்வையிட வந்திருந்தார்கள். நாலு விமானமாவது பறக்க விட்டுக் காட்டியாக வேண்டும். புத்தியை வாய் முந்திக்கொண்டது.

"மூக்கு ஒழுகுனா அம்மா முந்தானையில தொடச்சுக்கப்பா. இங்க எதுக்கு வந்தே?"

அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். பற என்று அவர் சொல்லவில்லை. பறக்காதே என்றும் சொல்லவில்லை. அவன் பறந்தான். இறங்கி வந்தபோது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. இடது காது போயிற்று. அதோடு வானமும் போயிற்று. விசாரணையில், சளி இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை என்று அவனே எழுதிக் கொடுத்தான். அன்று சிரித்த ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் அதன்கீழ் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு பதவி உயர்வு வந்தது.

கதவைத் திறந்தவனுக்குத் தலை நரைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராம். "சார்! வாங்க, வாங்க. உள்ள வாங்கம்மா" என்று பரபரத்தான். "இடது பக்கம் நின்னு பசங்க திட்டினா கேக்காது சார். நிம்மதி!"

மனைவி வேண்டுமென்றே வீட்டுக்காரியோடு சமையலறைக்குப் போனாள். சோபாவில் இருவர் மட்டும். அவன் குனிந்து டீயில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டாமே என்று அவர் அப்போதே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு உன்னப் பறக்க விட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடது. நீ பொய்யா எழுதிக் குடுத்தப்பவும் வாய மூடிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிடுப்பா."

ஸ்பூன் சுற்றிக்கொண்டே இருந்தது. கோப்பையை நீட்டும்போதுதான் அவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"ஏதாவது சொன்னீங்களா சார்? அந்தப் பக்கம் கேக்காது. இப்படி வந்து உக்காருங்க."

எழுந்துபோய் வலப்பக்கம் உட்கார்ந்தார். நல்ல காது அரை முழத் தூரத்தில் காத்திருந்தது. அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"சக்கரை ஒரு ஸ்பூன் போதும்னேன்."

திரும்பும் வழியில் மனைவி கேட்டாள். "சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டும் பொய்யில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.