எழுபது வளைவும் கூட வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடை விடுமுறையில் கொல்லிமலையில் நடந்தது இது. ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் அதிகமாகிவிட்டதால் பஸ் வாங்கினார்கள். பள்ளி திறப்பதற்குள் ஹெவி லைசென்ஸ் எடுத்தால் பஸ் எனக்கு, இல்லையென்றால் கீழேயிருந்து வேறு டிரைவர் வருவார் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு வருடமாக என் வேனில் சண்டை போட்டுக்கொண்டு ஏறிய பிள்ளைகளை இன்னொருவரிடம் விட எனக்கு மனசே வரவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறுகிற மனிதர். பைக்கில் எங்கே வேண்டுமானாலும் போவார். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தால் பத்து வளைவு தாங்காது, வாந்திதான். எப்போதும் கையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பதால் ஊரில் அவருக்கு அதுவே பட்டப்பெயர்!

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பைக்கில் அடிவாரத்திலிருக்கும் காரவள்ளிக்கு இறங்குவோம். அங்கிருந்து டிரைவிங் ஸ்கூல் பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் மேலே ஏறிப் பழக வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் முன்கோபக்காரர். முதல் நாளே என்னிடம், "டெஸ்ட்டெல்லாம் கீழ மைதானத்துலயே முடிஞ்சுரும் அம்மணி. ஆனா மலையில நீ எப்படி ஓட்டறேன்னு பின்னால உக்காந்திருக்கறவங்க வயித்தைக் கேட்டாத்தான் தெரியும்" என்றார்.

அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதல் வாரம் ஒன்பதாவது வளைவிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார். திரும்பி வந்து, ஏதோ பரீட்சை மார்க் சொல்வதுபோல "ஒம்போது" என்றார். அடுத்த வாரம் இருபத்து மூன்று. வளைவுக்குள்ளே பிரேக்கைத் தொடாதே, முன்னாடியே வேகத்தைக் குறை என்று எனக்குத் திட்டு விழுந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் நாற்பத்தொன்று. ஞாயிறு காலையில் ஒரு வாய் களிகூடச் சாப்பிடாமல் வருவார், பாவம்.

அதற்கடுத்த வாரம் ஐம்பத்தெட்டில் நிறுத்தச் சொன்னபோது நான் உடைந்துபோனேன். "பெரிய ஆளுக்கே இந்தக் கதின்னா, அந்தப் பிஞ்சுக என்ன ஆகும்? நான் டெஸ்ட்டுக்குப் போகலீங்க" என்று அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டே, "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம் வா புள்ள" என்றார்.

அந்தக் கடைசி ஞாயிறு, எழுபது வளைவும் ஏறிவிட்டோம். ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. நான் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் துண்டால் வாயைத் துடைத்தபடி தலையை ஆட்டினார். சொல்லிக்கொடுத்தவரே சபாஷ் போட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

அந்தத் தெம்போடுதான் புதன்கிழமை டெஸ்ட்டுக்குப் போனேன். பஸ்ஸைப் பின்னால் எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது சிரிப்பே வந்துவிட்டது. மலைக்காரிக்கு மேடு ஒரு பரீட்சையா? பாஸாகிவிட்டேன்.

பள்ளி திறப்பதற்கு முன்பு, புது பஸ்ஸுக்கு டீசல் போடக் கீழே போகும்போது பெருமையோடு அவரையும் ஏற்றிக்கொண்டேன். இருபது வளைவு இறங்குவதற்குள், "நிறுத்து புள்ள" என்றார். அதே வாந்தி.

"ஏனுங்க, அன்னைக்கு எழுபதும் வந்தீங்களே?" என்றேன்.

தப்புச் செய்த பிள்ளை மாதிரி சிரித்தார். "அன்னைக்கு நாப்பத்தாறுலயே வந்துருச்சு. துண்டுல வாங்கிச் சுருட்டி வெச்சுக்கிட்டேன். மறுக்கா அறுபதுலயும். நிறுத்தச் சொன்னா நீ டெஸ்ட்டுக்குப் போவ மாட்டயில்ல?"

அடக் கடவுளே! அப்படியென்றால் நான் முந்தின வாரத்தைவிட மோசமாக ஓட்டியிருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றுக்காரரே என்று தோளில் ஓர் அடி வைத்தேன். அப்புறம் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். இருபத்து நான்கு வளைவு, குடல் புரட்டப் புரட்ட, நான் கண்ணாடியில் பார்த்துப் பயந்துவிடக் கூடாதென்று தலையை ஆட்டிக்கொண்டே வந்திருக்கிறார் மனிதர்.

இன்றைக்கும் அவருக்கு பஸ் ஒத்துக்கொள்வதில்லை. என் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். ஆனாலும் எனக்காக ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துத்தான், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறேன்.