குப்பைக்குப் போட்ட சோறு

இடது கை கேப்பைக்கூழ் கிண்டுகிறது, வலது கை எழுதுகிறது. என் சோலியே குப்பைக்குச் சாப்பாடு போடுவதுதான். மலைமேல் பூண்டியில் ஒரு காய்கறித் தோட்டத்தில் கேரட் தழை, ஆட்டுச்சாணி, காய்ந்த புல் எல்லாம் அடுக்கி உரமாக்குகிறோம். நாலு பேர் முன்னால் சாப்பிடக் கூசுகிறவர்களே, இது உங்களுக்குத்தான்.

புகை

நான் கன்னிவாடிக்காரி, மலைக்குளிர் புதுசு. முதல் நாள் வெள்ளனே போனால் புல்லெல்லாம் உறைபனி. குப்பைமேடு மட்டும் புகைகிறது. தீப்பிடித்துவிட்டது என்று பதறி ரெண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

மேஸ்திரி அக்கா ஓடிவந்து குடத்தைப் பிடுங்கினாள். என் வயசுதான் அவளுக்கும், மேஸ்திரி என்பதால் அக்கா. உள்ளே கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தழையைத் தின்கின்றனவாம், தின்கிற சூடுதான் ஆவியாக வருகிறதாம். நம்பவே முடியவில்லை. "ஏத்தா, சாப்பிட உக்காந்தவுங்க தலையிலயா தண்ணிய ஊத்துவ?" என்றாள்.

கம்பி

மேட்டில் இரும்புக்கம்பி செருகியிருப்போம். காலையில் உருவிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கை சுட்டால் குப்பை நன்றாகத் தின்கிறது என்று அர்த்தம். அடைமழையில் ஒரு வாரம் புதுத்தழை வரவில்லை. கம்பி ஜில்லென்று கெடந்தது. பிணத்தைத் தொட்டமாதிரி கையை உதறினேன்.

மேட்டைப் புரட்டி வெல்லத்தண்ணி ஊற்றினோம். மூணாம் நாள் சுட்டது. கூட வேலை செய்யும் செல்வி சொன்னாள்: "நம்மளவிட இதுக்குத்தான்டி கவனிப்பு."

தூக்குச்சட்டி

அப்போது என் பிள்ளைக்கு அஞ்சு மாதம். பால் பத்தவில்லை. சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவாள், கன்னம் ஒட்டிப்போனது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மதியம் ஆம்பளைகளும் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எனக்குக் கூச்சம், பசிக்கலை என்பேன். சோறு திரும்பினால் மாமியார் மனசு நோகும். அதனால் மேட்டின் கிழக்கு மூலையில் தினமும் குழி பறித்துச் சட்டிச்சோற்றைக் கொட்டி மூடிவிடுவேன்.

ஒருநாள் அந்த மூலையில் கம்பியை உருவிய அக்கா, சூடு தாங்காமல் கீழே போட்டாள். மண்வெட்டியால் கிளறினாள். வெளுத்த சோறு, முருங்கைக்கீரை, பாதி முட்டை. பால் ஊறட்டும் என்று மாமியார் கொடுத்துவிட்டது அத்தனையும் அங்கே வெந்துகொண்டிருந்தது. அக்கா என் காலிச்சட்டியைப் பார்த்தாள். "ஒம்பிள்ளைக்குப் போகவேண்டிய சூட்டையா இதுக்குக் குடுத்த?"

இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்து முழுச்சட்டியும் தின்கிறேன். கூச்சம் போகவில்லை, பால் வந்துவிட்டது. மொத்தத்தில் இந்தச் சோலியில் நான் கண்டது ஒன்றுதான், குப்பையானாலும் பிள்ளையானாலும் போட்டால்தான் சுடும், அதனால் முதலில் நம் வயிற்றுக்கு, இதோ மாமியார் கூப்பிடுகிறார், பிள்ளை முழித்துவிட்டாளாம், கூழை இறக்கி