கோபி மகன் ஜோதி

ஜோதிக்கு வாய் நீளம் என்று எங்கள் சூப்பர்வைசர் சொல்வார். நீளம்தான். ஆனால் கை அதைவிட வேகம். ஷூவின் மேல்பாகம் தைக்கும் வரிசையில் அவளுக்குப் பக்கத்து மெஷின் என்னுடையது. நான் ஒரு ஜோடி முடிப்பதற்குள் அவள் தன்னுடையதை முடித்து, என் பாபினையும் மாற்றிக் கொடுத்து, சூப்பர்வைசரைப் பற்றி ஒரு கிண்டலும் அடித்திருப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு மாதம் வாயைத் திறக்காமல் தைத்தாள் என்றால் நம்புவீர்களா? பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பார்த்தேன்.

எல்லாம் ஒரு சாலை மறியலில் ஆரம்பித்தது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியது எங்கள் ஊர். கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வருவதை ஒரு நாள் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் லாரிகளுக்கு நடுவே இருட்டில் நடந்து வர வேண்டும். கெஞ்சிப் பார்த்தோம், மனு கொடுத்துப் பார்த்தோம். கடைசியில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டோம். போலீஸ் வந்து எல்லோரையும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கியது.

மறியல் கைது என்றால் எப்படி என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மண்டபத்தில் ஃபேன் ஓடும். பெயர் எழுதிக்கொள்வார்கள். மதியம் சாப்பாடு வரும். சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் வாசலில் நின்று ‘போலாம்’ என்பார். அன்றும் அப்படித்தான் நடந்தது. சாம்பார் சாதம் வந்தது, பரிமாற ஆள் இல்லை. சும்மா உட்காரத் தெரியாத ஜோதி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள். பெண்கள் பக்கம் முடித்துவிட்டு ஆண்கள் பக்கமும் போனாள். சாயங்காலம் ‘எல்லாம் போலாம்’ என்றார்கள், வந்துவிட்டோம். அடுத்த வாரம் பஸ்ஸும் வந்துவிட்டது. எங்களைப் பொறுத்தவரை அந்தப் ‘போலாம்’தான் தீர்ப்பு.

அது தீர்ப்பு இல்லை என்று சம்மன் வந்தபோது தெரிந்தது. யூனியன்காரர்கள் ஒரு வக்கீலைப் பிடித்து, எங்களைக் கோர்ட்டுக்கு அழைத்துப் போய், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து, அபராதம் கட்டி முடித்தார்கள். ஜோதிக்கு மட்டும் சம்மன் வரவில்லை. பெண்கள் வரிசையில் அவள் பெயரே கூப்பிடவில்லை. ஆண்கள் வரிசையில் யாரோ ஒரு ஜோதி இருந்தான். எந்த வாய்தாவுக்கும் வராத அவனைத் தலைமறைவு என்றார்கள். ஜோதி ஆணுக்கும் வைக்கிற பெயர்தானே, எந்த செக்‌ஷன் ஆளோ என்று விட்டுவிட்டோம். “உன் பேர எழுதவே மறந்துட்டாங்கடி, அதிர்ஷ்டக்காரி!” என்று சொல்லி அவளிடம் பஜ்ஜி வாங்கித் தின்றதுதான் மிச்சம்.

வருடங்கள் ஓடின. அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த அவளுடைய ஒரே மகன் சூரியபிரகாஷ், திருப்பத்தூரில் மாதக்கணக்காக ஓடி, கயிறு ஏறிப் பழகி, போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வில் பாஸ் செய்தான். அவன் அப்பா கோபி தோல் பதனிடும் இடத்தில் டிரம் ஓட்டுபவர், அதிர்ந்து பேசாத மனுஷன். அன்று தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். பாக்கி இருந்தது வெரிஃபிகேஷன் ஒன்றுதான். பையன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதி அனுப்பினால் வேலை கையில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏட்டு வந்தார். நான் அப்போது ஜோதியோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

“கோபி வீடு இதானே? கோபி மகன் ஜோதி எங்க?”

ஜோதி சிரித்துக்கொண்டே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். “ஜோதி நான்தான் சார். மகன் பேரு சூரியபிரகாஷ்.”

“அந்தப் பேரு தெரியும்மா. இந்த ஊர்ல கோபி மகன் ஜோதின்னு ஒரு ஆள் மேல பிடிவாரண்ட் கெடக்குது. பழைய மறியல் கேஸு. கோபிக்கு எத்தினி பசங்க?”

“ஒரே பையன்.”

“அப்ப இவன்தான். வீட்ல கூப்புடுற பேரா ஜோதி?”

“இன்னா சார் இது? மறியல்ல உக்காந்தது நானு. என் புள்ள அப்ப அரைக்கால் சட்டை போட்டுனு ஸ்கூலுக்குப் போய்னு இருந்தான்!”

“அதெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க. வாரண்ட்ல வயசு போடல. அது முடியாம பையன் மேல ஒண்ணும் இல்லன்னு நான் எழுத முடியாது.” ஏட்டு கெட்டவர் இல்லை. போகும்போது குரலைத் தணித்துக்கொண்டார். “பையன என் கண்ணுல காட்டாதீங்க. பாத்தா புடிச்சாகணும்.”

அன்றே சூரியபிரகாஷைக் கலவை ஊரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். திருடனைப் பிடிக்கத் தேர்வானவன் திருடன் மாதிரி பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு போனான். அவன் போன பிறகு ஜோதி அந்தப் பூண்டை எடுத்து வைக்கவே இல்லை.

யூனியன் ஆள் ஒருவர் ஹேமலதா என்ற வக்கீலிடம் அனுப்பினார். சின்ன வயசு, பொறுமையாகப் பேசுகிற பெண். கோர்ட்டில் கேஸ் கட்டைப் பார்த்துவிட்டு வந்து, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு சொன்னாள். “கணவர் பேருக்கு க/பெ போடணும். அப்பா பேருக்கு த/பெ. உங்களுக்கு த/பெ கோபின்னு போட்டு, ஆம்பளைங்க லிஸ்ட்ல எழுதிட்டாங்க. அந்தத் தலைமறைவு ஜோதி நீங்கதான்மா.”

கோபி பெண்டாட்டி கோபி மகனாகியிருந்தாள். க போட வேண்டிய இடத்தில் த. இதற்காக ஒரு பிள்ளை ஒளிந்து கிடக்கிறான்.

“அது எங்க பையன் இல்லன்னு நிரூபிக்க முடியாதாம்மா?” என்றார் கோபி.

“முடியும். ஆனா வாரண்ட் அப்படியே உயிரோட இருக்கும். ஜோதின்னு யாராவது கெடைக்கிற வரைக்கும் உங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க. வெரிஃபிகேஷன் கெடு அதுக்குள்ள தாண்டிடும்.”

“அப்ப நான் போய் நிக்கிறேன்,” என்றாள் ஜோதி.

“இத்தன வருஷம் வராததுக்கு உள்ள வெச்சாலும் வைப்பாங்க.”

“வெக்கட்டும்.”

முதல் தடவை கோர்ட்டுக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மகனை மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். கூண்டில் நிற்க நல்ல புடவையா பழைய புடவையா என்று வழியெல்லாம் புலம்பினாள். டவாலி வாசலில் நின்று “ஜோதி! கோபி மகன் ஜோதி!” என்று கூவியதும் இவள் எழுந்து உள்ளே போனாள். பின் பெஞ்சில் சிரிப்புச் சத்தம்.

மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “எதிரி ஆண்னு இருக்கு. நீங்க யாரும்மா, அவரோட அம்மாவா?”

“அம்மாதாங்க ஐயா,” என்றாள் ஜோதி.

வாயில் வந்துவிட்டது. பிறகு என்ன சொல்லி என்ன பயன்? “இல்லீங்க ஐயா, நான் அவன் அம்மா, ஆனா ஜோதி நான்தான், அவன் ஜோதி இல்ல” என்று இவள் குழற, ஹேமலதா ஆதார் கார்டை நீட்ட, மாஜிஸ்ட்ரேட் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பேரு ஜோதின்னா போதுமா? வாசல்ல போய்க் கூப்பிட்டா நாலு ஜோதி வருவாங்க. பிள்ளைக்காக பெத்தவங்க வந்து கூண்டுல நிக்கிறத நான் நிறையப் பாத்தாச்சு.” அன்று பெயர் எழுதிய போலீஸ்காரரைக் கூட்டிவந்து அடையாளம் காட்டச் சொல்லி வாய்தா போட்டுவிட்டார். வாரண்ட் அப்படியே இருந்தது.

குற்றவாளி இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். குற்றவாளி நான்தான் என்று சொல்லியும் நம்ப வைக்க முடியாதவளை அன்றுதான் பார்த்தேன். அவளைப் பிடிக்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். மகனை மட்டும் எப்போது வேண்டுமானாலும் பிடிப்பார்கள்.

அந்த மாதம்தான் அவள் பேசாமல் தைத்த மாதம். வெளியே பைக் நின்றால் அவள் மெஷினும் நிற்கும். டீ நேரத்தில் மகனுக்கு போன் போடுவாள். “சாப்ட்டியா? வெளிய போவாத,” அவ்வளவுதான் பேச்சு. போலீஸ் ஒட்டுக்கேட்டால் இடம் தெரிந்துவிடும் என்று உடனே வைத்துவிடுவாள். பேஜார் பிடித்த பிழைப்பு. ஒரு நாள் மட்டும் என்னைக் கேட்டாள்: “வஹீதாக்கா, அன்னிக்கு மண்டபத்துல நான் சும்மா உக்காந்து இருந்தா இன்னா?” நானும் குனிந்து தைத்தேன்.

பெயர் எழுதியவர் பஞ்சாட்சரம். ஓய்வு பெற்று நாட்றம்பள்ளியில் இருந்தார். சம்மன் போய், அடுத்த வாய்தாவுக்கு வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். மாஜிஸ்ட்ரேட் ஜோதியைக் காட்டிக் கேட்டார். அவர் இவளை மேலும் கீழும் பார்த்தார்.

“ஞாபகம் இல்லீங்க ஐயா. எத்தினியோ மறியல், எத்தினியோ பேரு.”

மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். ஹேமலதா எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு மாதமாக மூடிக்கிடந்த வாய் திறந்துவிட்டது.

“இன்னா சார் ஞாபகம் இல்ல? சாம்பார்ல உப்பு கம்மின்னு என்கிட்ட சண்டைக்கு வந்தீங்களே! ‘நீங்க வாங்கியாந்த சாம்பாருக்கு நான் இன்னா பண்ணுவேன், வேணும்னா உங்க கண்ணீர ஊத்திக்கோங்க’ன்னு சொன்னேனே! மண்டபமே சிரிச்சுதே! சோத்தத் தின்னுட்டு இப்ப ஞாபகம் இல்லையா?”

“அமைதி!” என்றார் மாஜிஸ்ட்ரேட். கோபி தலையில் கை வைத்துக்கொண்டார். பஞ்சாட்சரம் மட்டும் வாயைப் பிளந்து நின்றார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“ஐயா, இந்தம்மாதான். மூஞ்சி மறந்துட்டேன், இந்த வாய மறக்கல. ஆம்பளைங்க பேர எழுதினு இருந்தேன். இந்தப் பேச்சு பேசுனதும் கோவம் வந்து, ‘யாரு இது, பேர சொல்லு’ன்னேன். யாரோ ‘ஜோதி, கோபிது’ன்னாங்க. அதே தாள்ல, மத்தவங்களுக்குப் போட்ட மாதிரியே த/பெ போட்டு எழுதிட்டேன். தப்பு என்னோடதுதாங்க.”

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. த அடிபட்டு க ஆனது, ஆண் பெண்ணானது, வாரண்ட் ரத்தானது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டு முடிப்பதற்குள் “ஆமாங்க ஐயா, நான்தான், நான் மட்டும்தான்” என்றாள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதுகூட அவ்வளவு அவசரமாகச் சொல்லியிருக்க மாட்டாள். அபராதமும், கோர்ட் கலையும் வரை உள்ளேயே உட்கார வேண்டும் என்ற தண்டனையும் கிடைத்தது. “இன்னிக்கே ஸ்டேஷனுக்கு ஆர்டர் போய்டும். தம்பி மேல இனிமே ஒண்ணும் இல்ல,” என்றாள் ஹேமலதா. கோபி வெளியே போய் மகனுக்கு போன் செய்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

ஜோதி மூலை பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மாஜிஸ்ட்ரேட் எழுந்து போனார். கூட்டம் கலைந்தது. இவள் அசையவில்லை. டவாலி ஜன்னலைச் சாத்திக்கொண்டே வந்தார்.

“முடிஞ்சுதும்மா, போலாம்.”

ஜோதி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்கும் இப்டித்தான் சொன்னாங்க.”

“எந்திரிம்மா, பூட்டணும்.”

“எழுதிக் குடுங்க. எழுதிக் குடுத்தாத்தான் போவேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். பெஞ்சைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. உத்தரவு நகல் வருகிற வாரம் கிடைக்கும் என்று ஹேமலதா திரும்ப வந்து சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சூரியபிரகாஷ் அத்தை வீட்டு பைக்கோடு நின்றிருந்தான். அப்பாவின் போன் வந்ததும் கலவையிலிருந்து நேராக வந்திருக்கிறான். ஒரு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தான். ஜோதி அவன் முகத்தைத் தடவினாள், பிறகு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் தானே மாட்டி, கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள்.

“அதான் முடிஞ்சுதேம்மா,” என்று அவன் சிரித்தான். “போலாமா?”

“அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதடா,” என்றாள் ஜோதி.