ஊஞ்சற்பாட்டும் உள்ளே பூட்டிய ஹார்ட் டிஸ்க்கும்

ஒலிப்பதிவு வேலையில் நான் வெட்கப்பட்ட நாட்கள் பல. அவற்றில் முதலிடம் ஒரு திங்கட்கிழமைக் காலைக்கு. தவமணி ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதாவது ஊஞ்சற்பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். என் முன்னால் இருந்த சாம்ப்ளர் பெட்டியின் திரையில் மெமரி நிறைந்துவிட்டது என்று வந்து, சிவப்பு விளக்கு அணைந்தது. நிறுத்துங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பத்தாவதையும் கடைசியில் வரும் வாழியையும் பாடி முடிக்கும்வரை, எல்லாம் பதிவாகிறது போலத் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். கள்ளன் மாதிரி.

ரீச்சர் பக்கத்துத் தீவு, இறுப்பிட்டிக்காரர். அங்கே அம்மன் கோயில் திருவிழாவில் சுவாமியை ஊஞ்சலில் இருத்தினால், பாடுவது அவர்தான். தொண்டையில் ஒரு கட்டி. வியாழக்கிழமை ஒப்பரேசன். அதற்குப் பிறகு குரல் பழையபடி இராது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் வேலணையில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறி வந்திருந்தார்.

“ஒப்பரேசனுக்கு எனக்குப் பயமில்லைத் தம்பி. இந்த மெட்டுத் தெரிஞ்ச மற்ற ரெண்டு பேரும் கனடாவிலை. பாட்டில்லாமல் அம்மனை ஆட்டுறதெண்டால்தான் மனம் கேக்குதில்லை.”

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இயந்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்ப்ளர் என்பது கொம்பியூட்டர் துணையில்லாமல் தனியாக ஒலி பதிந்து வாசிக்கும் பெட்டி. மேலே தட்டி வாசிக்கப் பதினாறு பேட். என்னுடையதைக் கனடாவில் இருக்கும் மருமகன் கொண்டுவந்து தந்தான். அதில் இரண்டு விதமாகப் பதியலாம். மெமரியில் பதிந்தால் சத்தமில்லை, வெட்டுவதும் ஒட்டுவதும் உடனே நடக்கும். ஆனால் ஒரே மூச்சில் இருபது நிமிடம்தான். சேமிக்க முதல் கரண்ட் போனால் அதுவும் போச்சு. உள்ளே ஹார்ட் டிஸ்க் பூட்டி நேரே அதில் பதிந்தால், பாடப்பாட எழுதிக்கொண்டே போகும். மணித்தியாலக் கணக்கில் பதியலாம். திருத்துகிற வேலைதான் ஆறுதலாக, இழுத்து இழுத்து நடக்கும்.

“மாமா, சுழலாத டிஸ்க்காப் பாத்துப் பூட்டுங்கோ” என்று மருமகன் படித்துப் படித்துச் சொன்னான். நான் கேட்கவில்லை. பழுதான லப்டொப் ஒன்றில் இருந்த சுழலும் டிஸ்க்கைக் கழற்றிப் பூட்டினேன். இருக்கிற சாமானை ஏன் வீணாக்குவான் என்ற புத்தி. அது எழுதத் தொடங்கினால் காதடியில் பறக்கிற நுளம்பு போல இரையும். என் சின்ன அறையில் மைக் அதையும் பிடித்துவிடும். என்னுடைய பதிவு துப்பரவாக இருக்கும் என்று தீவு முழுக்கப் பேர் இருந்தது. அந்தப் பேரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. ஆகவே மெமரி.

ஒவ்வொரு பாட்டாக நிறுத்திப் பதிவோம் என்றுதான் முதலில் கேட்டேன். ரீச்சர் என்னை வகுப்பில் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அம்மனை ஊஞ்சலிலை இருத்திப்போட்டு நடுவிலை நிப்பாட்டுறதோ? தொடங்கினால் வாழி பாடித்தான் முடிக்கிறது.”

சரியென்று பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பதினைந்து நிமிடம் வந்தது. ஒன்றை மறந்துபோனேன். ஆட்டுகிற ஐயர் கை மாறும்வரை கடைசி வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவது அங்கே வழக்கம். ரீச்சரின் மனதில் அன்றைக்கும் ஊஞ்சல் ஆடியிருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததும் இந்தத் தீவுகளில்தான். எனக்கு அது தெரியாமல் இல்லை.

பாடி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தவரிடம் உண்மையைச் சொன்னேன். சத்தம் வரும் என்றுதான் டிஸ்க்கை விட்டேன் என்பதையும் சொன்னேன்.

“இதை நீர் முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமில்லை. குரல் கரகரத்துவிட்டது. “இண்டைக்கு இனி ஏலாது. புதன் பின்னேரம் ஆசுப்பத்திரியிலை நிக்கவேணும். அண்டைக்குக் காலமை வாறன்.”

விடுபட்டதை மட்டும் பாடினால் ஒட்டிவிடலாம் என்றேன். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

இடையில் இருந்தது இரண்டு நாள். புது டிஸ்க் வாங்கிப் பூட்டி, நம்பலாமா என்று சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை. இரைச்சலை எப்படி மறைப்பது என்று டிஸ்க்கோடு மல்லுக்கட்டினேன். பெட்டியைத் துணியால் சுற்றினேன், சூடேறியது. பார்த்துக்கொண்டிருந்த மனைவி பவளம் கேட்டாள்.

“அது சத்தம் போடுதெண்டால் அதைக் கொண்டுபோய்க் குசினிக்குள்ளை வையுங்கோவன். பாடப்போறது ரீச்சரோ, பெட்டியோ?”

முப்பது வருடத் தொழிலில் எனக்குத் தோன்றாதது. சந்தோசமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் ரீச்சர் வந்து இறங்கினார். மைக் வயரைக் குசினிவரை இழுத்துவிட்டேன். பவளம் அடுப்பை மூட்டாமல் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு, சிவப்பு விளக்குக்குக் காவல் இருந்தாள். ரீச்சர் முதற்பாட்டிலிருந்து தொடங்கினார். எட்டாவதில் குரல் ஒருமுறை உடைந்தது. அவர் நிறுத்தவில்லை, நானும் அசையவில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் வாழி முடிந்தது. குசினிக்கு ஓடினேன். பவளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் எரியுது” என்றாள்.

மெமரியா டிஸ்க்கா என்று இப்போது இளம் பிள்ளைகள் கேட்டால், நான் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பாடுகிறவருக்கு இன்னொரு முறை இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன். இல்லையென்றால் டிஸ்க். இரைச்சலுக்கு வழி பார்க்கலாம், பதியாமல் விட்டதற்கு வழியில்லை. துப்பரவான பதிவு என்ற பேர் எனக்குத்தான் தேவைப்பட்டது, ரீச்சருக்கு அல்ல.

ஒப்பரேசன் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு காலை போன் வந்தது. தெரியாத நம்பர். கட்டையான, காற்றுப் போன குரல். யாரோ ஆண்பிள்ளை என்று நினைத்து, “ஆர் கதைக்கிறது?” என்றேன்.

“ரீச்சர்தான், தம்பி.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே கேட்டார்.

“பாட்டு இருக்குதெல்லோ?”

“ஓம் ரீச்சர். வாழிவரைக்கும் இருக்கு.”

“அது போதும்” என்றார்.