நாலாவது கிளாஸ்

1. நான் பிடித்த பிழை

கிழக்கேகோட்டையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தினேன். பிழைகளோடு எனக்குச் சண்டை கிடையாது. எழுதுகிறவர்களோடும் முதலாளியோடும்தான் தினம் மல்லுக்கட்டு.

ஒரு இளையோர் நாவல் வந்தது. எழுதியவள் ஷீபா, போனக்காடு தேயிலை எஸ்டேட் பெண், வயது இருபத்திரண்டு. கதையில் அண்ணன் இறந்துவிடுகிறான், அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள், அவர்கள் வீட்டுக்குள் மட்டும் மழை பெய்கிறது. குடை பிடித்துக்கொண்டா நான் புரூப் பார்ப்பது?

முதலாளி நாஞ்சில் நாட்டுக்காரர். அறைக்குள்ளிருந்தே கத்தினார்: "வேய், இது பேய்க் கதையா, மனசு சரியில்லாத கதையா? ஸ்கூல்காரன் கேட்டா என்னத்தவே சொல்ல?"

"மழைக் கதைன்னு சொல்லும்" என்றேன்.

எந்த நாவல் வந்தாலும் அத்தியாயவாரியாக ஒரு சார்ட் போடுவேன். யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று. எட்டாம் அத்தியாயத்தில் செத்த மாமனார் பதினொன்றில் காபி குடித்ததைப் பிடித்தவன் நான். ஷீபா கதையில் அண்ணன் போனபின் வீட்டில் அப்பா, அம்மா, தங்கை என மூன்று பேர். அம்மாவோ தினமும் நாலு கிளாஸில் பால் விடாத கட்டன்சாயா வைக்கிறாள். பிடித்தேன் பிழையை! சிஸ்டத்தில் ரீப்ளேஸ் கொடுத்து எல்லா இடத்திலும் மூன்றாக்கினேன். நாலாவது கிளாஸில் சாயா தானாகக் குறைந்தது என்ற வரிகளையும் வெட்டினேன். எழுதியவளைக் கேட்கவில்லை, திருத்திய புரூப்பை மட்டும் அவளுக்கு அனுப்பினேன்.

2. ஷீபா வந்தாள்

புரூப் கட்டை என் மேஜையில் போட்டாள்.

"வெட்டினது ஆரு சாரே?"

"நான்தான். வீட்டுல மூணு பேர்தானேம்மா?"

"மூணு பேர்தான். அது எங்க வீடு சாரே. அண்ணன் போய் ஒரு வருஷமாச்சு, அம்மா மிண்டுறதில்ல, ஒரு வார்த்த பேசுறதில்ல. டாக்டர காணப் போவோம்னா மொகத்தத் திருப்பிக்கும். ஆனா காலைல நாலு கிளாஸ் வைக்கும். புரூப்ப முதல்ல அம்மாகிட்டதான் குடுத்தேன். வாசிச்சுட்டு எழுந்துபோய் அண்ணன் கிளாஸ எடுத்து அலமாரில வச்சு அடைச்சிருச்சு. நானே அண்ணன விட்டுட்டேன்னு நெனச்சிருச்சு சாரே. இப்ப சாயாவே போடல."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் என்ன கிழித்தேன்?

"பிரஸ்ஸுக்குப் போற நேரத்துல என்னவே இது?" என்றார் முதலாளி. "பிரஸ் நிக்கட்டும்" என்று நானும் கத்தினேன்.

வெட்டியதையெல்லாம் உட்கார்ந்து திரும்பச் சேர்த்தேன். புதுப் புரூப்பின் முதல் தாளில் அவள் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தனுப்பினேன்: "உங்கள் மகள் நாலு என்றுதான் எழுதியிருந்தாள். மூன்றாக்கிய மடையன் நான்."

3. போன்

இரண்டு நாள் கழித்து ஷீபா கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"அம்மா வாசிச்சுது சாரே. கிளாஸ எடுத்துக் கழுவி வச்சுது. 'அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாதா?'ன்னு கேட்டுது. அம்மா பேசிச்சு சாரே!"

ஒரு வருஷம் கழித்து அந்த அம்மாள் வாயைத் திறந்ததே என்னை ஏசத்தான். அடுத்த வாரம் டாக்டரிடம் போனார்கள். அங்கேயும் அந்த அம்மாள் முதலில் என்னைத்தான் ஏசினாராம். ஏசட்டும், நன்றாக ஏசட்டும்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சார்ட் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் செத்தவன் சாயா குடித்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுதியவளுக்கு ஒரு போன் போடுங்கள்.